கூரையின் கீழ் ஓர் ஓடுகளம்

நேயர்களுக்கு என் வணக்கம். கோத்தகிரி வட்டாரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உலக உள்ளரங்கத் தடகளப் போட்டிகளைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இச்செய்தியைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "பனி நாட்டுக்காரர்களின் விளையாட்டைப் பற்றி நம்முடைய மலையில் பேசி யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல நினைத்த விடையையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

உள்ளரங்கத் தடகளம் குளிரிலும் மழையிலும் பிறந்தது என்பது உண்மைதான். வெளியே களம் உறைந்து கிடக்கும் மாதங்களில் ஓட்டக்காரர்கள் சும்மா இருக்க முடியாமல், கிடைத்த மண்டபங்களுக்குள் புகுந்து ஓடத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த விளையாட்டு இது. நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்டம் என்ற அரங்கத்தில் மரப்பலகைகளை அடுக்கி அமைத்த ஓடுகளத்தில், ஒரு மைல் தூரம் ஓடி முடிக்க 11 சுற்றுகள் வர வேண்டியிருந்தது. மண்டபம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுதான் களம். களத்தின் அளவைக் கட்டடம் தீர்மானித்த காலம் அது. அப்பலகைகளின் மீது ஓடிவந்துதான் 1984-ஆம் ஆண்டில் கார்ல் லூயிஸ் 8.79 மீட்டர் நீளம் தாண்டினார். உள்ளரங்க நீளம் தாண்டுதலில் அந்த அளவை இன்றுவரை ஒருவரும் எட்டவில்லை.

உலக அளவிலான போட்டி இவற்றுக்கெல்லாம் மிகப் பின்னால் வந்தது. 1985-இல் பாரிஸ் நகரில் உலக உள்ளரங்க விளையாட்டுகள் என்ற பெயரில் ஒரு முன்னோட்டம் நடந்தது. 1987-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவந்து, 2003-இல் பர்மிங்காமிலும் அடுத்த ஆண்டே புடாபெஸ்டிலும் கூடி, இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மாறியது. 2020-இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடக்க வேண்டிய போட்டி கொரோனாவினால் தள்ளித் தள்ளிப் போய், இடையில் பெல்கிரேடும் கிளாஸ்கோவும் முடிந்த பிறகு, 2025 மார்ச் மாதத்தில்தான் நடந்தேறியது. ஆண்டுக் கணக்கை இதோடு விட்டுவிடுகிறேன். களத்தின் அமைப்பைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

திறந்தவெளி ஓடுகளம் 400 மீட்டர். உள்ளரங்க ஓடுகளம் 200 மீட்டர். பாதி என்று கேட்டவுடன், அதே விளையாட்டைச் சிறிதாக்கி ஆடுகிறார்கள் என்று தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் களம் சிறுக்கும்போது வளைவும் இறுகுகிறது. திறந்தவெளிக் களத்தின் வளைவுக்கு ஆரம் 36.5 மீட்டர், உள்ளரங்கக் களத்தில் அது வழக்கமாக 17.2 மீட்டர். நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வரும் 400 மீட்டர் ஓட்டக்காரர், வெளிக்களத்து வளைவில் திரும்பும்போது தம் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான விசையைப் பக்கவாட்டில் சமாளித்தால் போதும். அதே வேகத்தில் உள்ளரங்க வளைவுக்குள் நுழைந்தால் அந்த விசை அவருடைய எடையில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. சமதரையில் அவ்வாறு திரும்ப வேண்டுமானால் உடலை 25 பாகைக்கு மேல் உள்பக்கமாகச் சாய்த்தாக வேண்டும். கணுக்கால் அதை நெடுநேரம் தாங்காது. ஆகவே வளைவில் தரையையே சாய்த்துவிடுகிறார்கள். வெளி ஓரம் உயர்ந்தும் உள் ஓரம் தாழ்ந்தும் இருக்கும் அந்தச் சாய்வைத் தொலைக்காட்சியில் முதன்முறை பார்க்கிறவர்கள், களம் ஏதோ கோணலாகிவிட்டது என்றே நினைப்பார்கள். சில அரங்கங்களில், வேண்டும்போது வளைவை உயர்த்தவும் வேண்டாதபோது தரையோடு தரையாக இறக்கிவைக்கவும் நீரியல் இயந்திரங்கள் பொருத்தியிருக்கிறார்கள்.

மலையில் வாழ்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் இறங்கியவர் எவருக்கும், வளைவு இறுகும்போது உடல் எந்தப் பக்கம் தள்ளப்படும் என்பது வயிற்றிலிருந்தே தெரியும்.

இந்த வளைவினால் ஒரு போட்டியே பட்டியலிலிருந்து நீங்கியது. 200 மீட்டர் ஓட்டத்தில் உள்தடத்தில் ஓடுகிறவருக்கு வளைவு மிக இறுக்கமாக இருந்ததால், தடக் குலுக்கல் முடிந்தவுடனேயே பாதி முடிவு தெரிந்துவிட்டது. 2004-க்குப் பிறகு அந்த ஓட்டத்தை உலக உள்ளரங்கப் போட்டியில் நடத்துவதில்லை. நியாயமான முடிவு என்றே நான் கருதுகிறேன். 400 மீட்டரில் வேறோர் ஏற்பாடு உண்டு. முதல் இரண்டு வளைவுகளையும் அவரவர் தடத்தில் ஓடி, இரண்டாம் வளைவு முடிந்ததும் அனைவரும் உள்பக்கமாகச் சேர்ந்துகொள்ளலாம். அந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்கிறவரை முந்துவது மிகக் கடினம். நேர்பாதை குறுகியது, வளைவில் வெளிப்பக்கமாகச் சுற்றி முந்தப் போனால் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும். ஆகையால் முதல் 200 மீட்டரை அடக்கி ஓட வேண்டும் என்ற வெளிக்களத்துப் பாடம் இங்கே எடுபடாது. இந்தப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்க நேர்ந்தால், முடிவுக்கோட்டைப் பார்ப்பதைவிட அந்தத் திருப்பத்தைப் பாருங்கள் என்பேன்.

இந்த நுட்பத்தைக் கரைத்துக் குடித்தவர் நெதர்லாந்தின் ஃபெம்கே போல். மகளிர் 400 மீட்டர் உள்ளரங்கச் சாதனை 1982 முதல் செக்கோஸ்லோவாக்கியாவின் கிராடோக்விலோவாவிடம் 49.59 நொடியாக இருந்தது. அதை 2023-இல் போல் முறியடித்தார். 2024 மார்ச்சில் கிளாஸ்கோ உலகப் போட்டியில் 49.17 நொடியாகக் குறைத்தார். 2022-இல் மியூனிக் நகரின் திறந்தவெளிக் களத்தில் அவரே ஓடி முடித்த நேரம் 49.44 நொடி. இறுகிய வளைவுகள் நான்கைக் கடந்தும் உள்ளே விரைவாக ஓடியிருக்கிறார் என்பது என்னைப் போன்ற பழைய பயிற்சியாளர்களுக்கு எளிதில் நம்ப முடியாத செய்தி.

அடுத்து, 60 மீட்டர் ஓட்டம். 100 மீட்டர் நேர்பாதை மண்டபத்துக்குள் அடங்காது என்பதால் வந்த தூரம் இது. எனினும் இதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. உசேன் போல்ட் 2009-இல் பெர்லினில் 9.58 நொடியில் 100 மீட்டர் ஓடியபோது, அவருடைய உச்ச வேகம் 60 மீட்டரைத் தாண்டிய பிறகே வந்தது. ஆகவே 60 மீட்டர் ஓட்டம் தொடக்கம் முதல் இறுதி வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான். தளர்ந்து போவதற்கு நேரமே இல்லை. துப்பாக்கி ஒலிக்குக் கால் விடை சொல்லும் கணமும் முதல் பத்து அடிகளும் ஆட்டத்தைத் தீர்த்துவிடுகின்றன. ஓடி முடித்தவர் நின்றாக வேண்டிய இடத்தில் சுவர் இருக்கிறது. அதன்மேல் தடித்த மெத்தைகளைச் சாத்தி வைத்திருப்பார்கள். உலகின் விரைவான மனிதர்கள் மெத்தையில் போய் மோதி நிற்கும் காட்சியைக் கண்டு என் மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததுண்டு.

அந்தச் சிரிப்புக்கு வேறொரு காரணமும் இருந்தது. ஆடி, ஆவணி மாதங்களில், பள்ளிகளுக்கிடையேயான குறுவட்டப் போட்டிகள் நெருங்குகிற அதே வேளையில், நம் மலையில் மழையும் மூடுபனியும் மைதானத்தை எடுத்துக்கொண்டுவிடும். தேவாலா, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை; அது ஓய்ந்தால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை; அதன்பின் மார்கழி உறைபனி. நான் பணியாற்றிய ஒரு பள்ளிக்கு அருகில் மூடிக்கிடந்த தேயிலைக் கிடங்கு ஒன்று இருந்தது. உரிமையாளரிடம் சாவியைக் கேட்டு வாங்கி, மாலை வேளைகளில் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய் ஓடவிட்டேன். நீளம் 52 மீட்டர், அடியளந்து பார்த்தேன். பழைய தேயிலைத் தூளின் மணம் சுவரெல்லாம் ஏறியிருக்கும். நான்கு முறை ஓடினால் பிள்ளைகள் இருமத் தொடங்குவார்கள். உள்ளரங்க வீரர்களுக்கும் உலர்ந்த காற்றினால் ஓட்டத்துக்குப் பின் இப்படி ஓர் இருமல் வருவதுண்டு என்று பிற்காலத்தில் படித்து ஆறுதல் அடைந்தேன். கடைக்கோடிச் சுவரில் சாத்த மெத்தைக்கு எங்கே போவது? கோணிச் சாக்குகளில் வைக்கோலைத் திணித்து அடுக்கினோம். ஒரு மாணவி அதையும் மீறி மோதி மணிக்கட்டில் அடிபட்டுக்கொண்டாள். அந்தப் பழி என்னுடையதே. நிற்பதற்கு இடம் விடாமல் ஓடவிட்டது என் தவறு.

இருந்தாலும் அந்த ஆண்டு எங்கள் பிள்ளைகளின் தொடக்கம் மாறியிருந்தது. மழையில் நனைந்த மண்ணில் வழுக்கிவிடுவோமோ என்ற அச்சமின்றி, காலை அழுத்தி ஊன்றிக் கிளம்பும் பழக்கம் அவர்களுக்கு அந்தக் கிடங்கில்தான் வந்தது.

நண்பரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். பனி நாட்டுக்காரர்களின் விளையாட்டு என்றால், 800 மீட்டரில் ஏழு முறை உலக உள்ளரங்கப் பட்டம் வென்ற மரியா முதோலா, பனியையே அறியாத மொசாம்பிக்கிலிருந்து வந்தது எப்படி? கிளாஸ்கோவில் 2024-இல் மகளிர் 60 மீட்டரில் வென்ற ஜூலியன் ஆல்ஃபிரட் செயின்ட் லூசியா என்ற சிறு தீவைச் சேர்ந்தவர். 60 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை 7.65 நொடியில் முடித்து உலகச் சாதனை படைத்த டெவின் சார்ல்டன் பஹாமாஸ் தீவுகளைச் சேர்ந்தவர். மும்முறைத் தாண்டுதலில் 15.01 மீட்டர் தாண்டிய தியா லாஃபாண்ட் டொமினிக்கா தீவுக்காரர். அந்நாட்டின் மொத்த மக்கள்தொகை எழுபதாயிரத்தை ஒட்டியது, அதாவது நம் உதகை நகரத்தின் மக்கள்தொகையைவிடக் குறைவு. ஆல்ஃபிரடும் லாஃபாண்டும் அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்று, தத்தம் நாடுகளுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 பிப்ரவரியில் கஜகஸ்தானின் அஸ்தானாவில் ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டி நடந்தபோது, நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மூவர் வெள்ளி வென்றார்கள். ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 7.97 மீட்டர், பிரவீன் சித்திரவேல் மும்முறைத் தாண்டுதலில் 16.98 மீட்டர், பவித்ரா வெங்கடேஷ் கோலூன்றித் தாண்டுதலில் 4 மீட்டர். மூன்றும் தாண்டும் போட்டிகள் என்பதைக் கவனியுங்கள். தாண்டுகிறவர்களுக்கு வளைவைப் பற்றிய கவலை இல்லை. ஓடிவர ஒரு நேர்பாதையும், விழ மணலோ மெத்தையோ இருந்தால் போதும். காற்றின் குறுக்கீடும் இல்லாததால், கோலூன்றித் தாண்டுகிறவர்களுக்கு உள்ளரங்கம் மிகவும் ஒத்துவருகிறது. சுவீடனின் டுப்லாண்டிஸ் 6.20 மீட்டரை முதன்முதலில் தாண்டியதும் 2022-இல் பெல்கிரேட் உலக உள்ளரங்கப் போட்டியில்தான்.

நம் மலைக்குத் தனியாக ஒரு சிறப்பும் இருக்கிறது. கிறிஸ்டியன் கோல்மன் 2018-இல் 6.34 நொடியில் 60 மீட்டர் உலகச் சாதனை படைத்த ஆல்புகெர்க்கி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிராண்ட் ஹாலோவே 2024-இல் 60 மீட்டர் தடை ஓட்டத்தை 7.27 நொடியில் முடித்ததும் அங்கேதான். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, விரைவோட்டக்காரருக்கு எதிர்ப்புக் குறைகிறது. உதகையின் உயரம் 2,240 மீட்டர், 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரின் உயரமும் ஏறத்தாழ அதுவே. நீண்டதூர ஓட்டக்காரருக்கு இந்த மெலிந்த காற்று மூச்சை வாங்கிவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் ஏழு நொடியில் முடிந்துவிடும் ஓட்டத்துக்கு மூச்சைப் பற்றி என்ன கவலை?

இங்கே விளையாட்டு வசதி என்று மனுக் கொடுக்கும்போதெல்லாம் நாம் 400 மீட்டர் மைதானத்தையே கேட்டு வந்திருக்கிறோம். நானே பல மனுக்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். மலைச்சரிவில் அவ்வளவு சமநிலத்தை ஊருக்கு ஊர் வெட்டியெடுக்க முடியாது, வெட்டவும் கூடாது. மழைக்காலத்தில் மண் சரிவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். புவனேசுவரத்தில் நாட்டின் முதல் உள்ளரங்கத் தடகள அரங்கம் அமைந்திருக்கிறது. அத்தகைய பெரிய அரங்கத்தையும் நான் கேட்கவில்லை. தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டர், ஓடுவதற்கு 60 மீட்டர், முடிவுக்கோட்டுக்கு அப்பால் நின்றுகொள்ளக் குறைந்தது 10 மீட்டர், ஆக 73 மீட்டர் நீளமும் நான்கு தடங்களுக்கான அகலமும் கொண்ட ஒரு தகரக் கொட்டகை, தரையில் ரப்பர் விரிப்பு, ஓரத்தில் ஒரு மணல்குழி. இவ்வளவுதான் என் கோரிக்கை. தேயிலைத் தொழிற்சாலைகளின் வாட்டுக்கூடங்களைக் கட்டிப் பழகிய கொத்தனார்களும் தச்சர்களும் இந்த மலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புதிய வேலை அன்று.

அந்தப் பழைய கிடங்கு இன்னும் பூட்டியே கிடக்கிறது. சென்ற மாதம் அதன் பின்புறம் போய்ப் பார்த்தேன். சுவருக்கு அப்பால் சீகைமரங்கள் வரை சமநிலம் இருக்கிறது. இருபத்தைந்து மீட்டர் தேறும்.

நன்றி, வணக்கம்.