நாலு மணிக்கு எழுப்புவதை நிறுத்திவிட்டேன்

எல்லோருக்கும் வணக்கம். மணி ஒன்பது ஆகிறது, மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன். கீழே மகள் படித்துக்கொண்டிருக்கிறாள், பத்தாம் வகுப்பு.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் 52 வாங்கினாள். அன்றைக்கே விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைத்தேன். நாம் எல்லோரும் அப்படித்தானே வளர்ந்தோம்? அதிகாலையில் படித்தால் மனதில் நிற்கும் என்று என் அம்மாவும் சொல்வார். எழுப்பி, முகம் கழுவச் சொல்லி, பால் காய்ச்சிக் கொடுத்து உட்கார வைத்தேன். பத்து நாள் போயிருக்கும். ஒரு நாள் எட்டிப் பார்த்தால், முக்கால் மணி நேரமாக அதே பக்கம் திறந்திருக்கிறது. கத்திவிட்டேன். அவள் அழுதுகொண்டே, "கண்ணு திறந்துதாம்மா இருக்கு, ஒண்ணும் உள்ள போகமாட்டேங்குது" என்றாள். அந்த வார்த்தை எனக்கு ரொம்ப வலித்தது.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் பெரியவர்களுக்குச் சுரப்பதைவிடத் தாமதமாகத்தான் சுரக்கிறது. அதனால் ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராது, நாலு மணிக்கு எழுப்பினால் அவர்களுக்கு அது நடுராத்திரி. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவ நிபுணர்கள். என் மகளுக்கு நான் கொடுத்தது 5 மணி நேரம். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதே தூக்கத்தில்தான். அதைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது பத்து மணிக்குப் படுக்கை, காலை ஆறு மணிக்கு எழுந்தால் போதும். சொல்வது சுலபம், இதற்காக வீடே மாற வேண்டியிருந்தது. தினமும் இரண்டு டியூஷன் போனாள், ஒன்றை நிறுத்தினோம். ஒன்பதரைக்கு டிவி அணைந்துவிடும். எல்லோருடைய ஃபோனும் ஹாலில் சார்ஜில் இருக்கும், என்னுடையதும் அவள் அப்பாவுடையதும் சேர்த்துத்தான். நாம் கையில் வைத்துக்கொண்டு அவளை மட்டும் வைக்கச் சொன்னால் எப்படி வைப்பாள்? மாமியாருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "பப்ளிக் எக்ஸாம் பிள்ளை ஆறு மணி வரைக்கும் தூங்கலாமா?" என்று கேட்கிறார். அக்கறையில்தான் கேட்கிறார், பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படிக்கும் நேரம் குறைந்துவிட்டதே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இரண்டாவது மாற்றம். "படிச்சியா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்கிறேன். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. நேற்று ராத்திரி எல்லாம் தெரிந்தது, பரீட்சை ஹாலில் மறந்துபோச்சு என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை.

போன வாரம் நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒளியியல் பாடம் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் குவிலென்ஸா குழிலென்ஸா என்று குழம்பி நின்றாள். நான் எதுவும் சொல்லவில்லை, பாடம் தெரிந்தால்தானே சொல்வதற்கு! அவளே என் கண்ணாடியைக் கழற்றி எடுத்து செய்தித்தாள் மேல் பிடித்தாள். எழுத்து பெரிதாகத் தெரிந்தது. "அம்மா, உனக்கு வெள்ளெழுத்து, அப்போ இது குவிலென்ஸ்!" அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கணக்குக்கும் இதேதான், எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு மூடி வைத்துத் தானே போட்டுப் பார்க்கிறாள்.

இன்னொன்று முக்கியம். பிள்ளை வாரக்கணக்கில் தூங்காமல், சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். 14416, டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

டிசம்பரில் அரையாண்டு வருகிறது. கணக்கில் எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாது, வந்ததும் அப்படியே சொல்கிறேன். சரி, ஒன்பதரை ஆகப்போகிறது, இந்த ஃபோனும் ஹாலுக்குப் போக வேண்டும். வீடியோவை நாளைக் காலையில் ஏற்றுகிறேன்.