கலயத்துச் சுண்ணாம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறும் ஆளும் ஒருவர்தான். 'கள்ளைத் தடை செய்வோம்' என்று மந்திரி சபை ஒரே வரியில் முடிவெடுத்துவிடும். பதநீர்க்காரர் ஜெயிலுக்குப் போய்விடக் கூடாது. கள் இறக்கியவர் "இது பதநீர்தான் சார்" என்று நழுவிவிடவும் கூடாது. அதற்குத் தக்கபடி அந்த வரியைச் சட்டமாக்கித் தருபவர் சட்ட வரைவாளர். நான் முப்பது ஆண்டு பார்த்த உத்தியோகம் அது.

கள்ளைச் சொன்னதற்கு நம் ஊர்தான் காரணம். சேலத்தில் வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1937இல் சென்னை மாகாண ஆட்சிக்கு வந்ததும் மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தார். அக்டோபர் 1ஆம் தேதி அது முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்த பழைய சேலம். கள்ளுக்கடையோடு அரசின் வருமானமும் போயிற்றா, அதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்த என் தாத்தா, "குடிச்சவன் எவனோ, கட்டறவன் நானா?" என்று கடைசிவரை முணுமுணுத்தார்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஒரு துறையிலிருந்து கோப்பு வந்ததும் நாங்கள் பேனாவைத் திறப்பதில்லை. இது மாநிலம் மட்டும் சட்டம் இயற்றும் மாநிலப் பட்டியலா, மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே இயற்றக்கூடிய பொதுப் பட்டியலா? பொதுப் பட்டியல் என்றால் மத்தியச் சட்டத்தோடு மோதுகிறதா? மோதினால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வரை போக வேண்டியிருக்கும். இதெல்லாம் தெளிந்த பிறகுதான் முதல் வாக்கியம்.

அந்த முதல் வாக்கியத்திலேயே நான் அடி வாங்கினேன். 'அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும்' என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி பென்சிலால் பக்கத்தில் 'யார்?' என்று மட்டும் குறித்து அனுப்பினார். ஓர் அலுவலரின் பதவியைச் சேர்த்தேன். 'அவர் லீவு போட்டால்?' என்று திரும்பி வந்தது. நம் தமிழில் எழுவாயை விட்டுவிட்டு அழகாகப் பேசலாம். சட்டத்தில் அப்படி விட்டால் வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

ஒரு மனக்குறையும் உண்டு. மாநிலம் தன் மொழியிலேயே சட்டம் இயற்றினாலும், அரசிதழில் வரும் ஆங்கில மொழிபெயர்ப்புதான் அதிகாரபூர்வமான வாசகம் என்கிறது அரசமைப்பின் 348ஆவது பிரிவு. பார்த்துப் பார்த்துத் தமிழில் எழுதினவனுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

மசோதாவில் அமைச்சர் பெயர் இருக்கும், எங்கள் பெயர் இருக்காது. அபூர்வமாக ஒருவருக்குக் கிடைத்தது. அரசமைப்பின் தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜி. சிக்கலான யோசனைகளையும் எளிமையாகவும் தெளிவாகவும் எழுதியவர் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் அவரைப் பாராட்டினார்.

ஓய்வு பெற்றும் இந்தப் புத்தி போகவில்லை. சமீபத்தில் பேரனோடு ஏற்காடு போனேன். மலைப்பாதையில் ஒரு பலகை: 'குரங்குகளுக்கு உணவு அளிக்கக் கூடாது'. படித்துக் காட்டி வாய் மூடவில்லை, பையன் ஜன்னல் வழியே பொரியைக் கொட்டிவிட்டான். கேட்டால், "நான் எங்க தாத்தா அளிச்சேன்? கீழ போட்டேன், அது எடுத்துக்கிச்சு" என்கிறான். அடுத்த கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் அந்தப் பலகையை மனசுக்குள் இரண்டு முறை திருத்தி எழுதிவிட்டேன்.

வணக்கம்.