“ஏன் இன்னும் விடவில்லை?” – மருத்துவர் கேட்கக் கூடாத கேள்வி

[திரையில்: ஓ.பி. அறை, மேசையின் இருபுறமும் இருவர்]

புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்பது பீடிக் கட்டின் மேலேயே படத்துடன் அச்சாகியிருப்பதால், அதையே மருத்துவரும் திரும்பச் சொல்லும்போது நோயாளி தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார். கேட்டறிதல், அறிவுறுத்தல், மனநிலையை மதிப்பிடுதல், உதவுதல், தொடர்ந்து கவனித்தல் என்று, புகையை விடவைப்பதற்கான ஐந்து படிகளை மருத்துவர்கள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் தடுக்கி விழுவது மூன்றாவது படியில்தான்.

[திரையில்: நடிப்புப் பயிற்சி]

இந்தக் காட்சியில் பயிற்றுநர் ஒருவர், ராயபுரத்தில் இரவு ஆட்டோ ஓட்டும் நோயாளியாக நடிக்கிறார். “ஏன் இன்னும் விடல?” என்று பயிற்சி மருத்துவர் கேட்டதும், ராத்திரி சவாரி, தூக்கக் கலக்கம், வட்டிக் கடன் என்று காரணங்கள் வரிசையாக வருகின்றன. அப்படிக் கேட்டால், விடாமல் இருப்பதற்கான நியாயங்களை அவரே தமக்குச் சொல்லிக்கொள்வார். “விடணும்னு எப்பவாவது தோணியிருக்கா?” என்று மாற்றிக் கேட்டபோது, சற்று யோசித்துவிட்டு, “பீடி நாத்தம்னு பேத்தி கிட்டவே வரமாட்டேங்குது டாக்டர்” என்கிறார். இந்த இடத்தில் நுரையீரலைப் பற்றி விளக்கத் துடிக்கும் மருத்துவர் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். அதுதான் பயிற்சியிலேயே கடினமான பகுதி. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் குடிப்பழக்கச் சிகிச்சைக்காக எழுதிய கட்டுரையில் முன்வைத்த இந்த உரையாடல் முறை, பின்னர் புகையிலைக்கும் பயன்பட்டது.

[திரையில்: நிக்கோட்டின் சூயிங்கம்]

விட விரும்புபவரிடம், காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்று கேட்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் என்றால், பீடியின் நிக்கோட்டினுக்கு மாற்றாகப் பொதுவாக 4 மில்லிகிராம் நிக்கோட்டின் கம், அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம். அதை மெதுவாக மென்று, சுறுசுறுவென்ற காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். காபி போன்ற அமிலத்தன்மையுள்ள பானங்கள் நிக்கோட்டின் உறிஞ்சப்படுவதைக் குறைப்பதால், மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். மணிக்கொரு தரம் எதையாவது குடிக்கும் நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட்டால் மருந்தே வீண்.

[திரையில்: 1800-11-2356]

எரிச்சலும் தவிப்பும் முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால், விடும் நாளைக் குறித்த கையோடு, அந்த வாரத்துக்குள்ளேயே அடுத்த சந்திப்பையும் குறித்து, தேசியப் புகையிலை உதவி எண்ணையும் கொடுத்தனுப்ப வேண்டும். அடுத்த முறை வேறொரு மருத்துவர் பார்க்க நேர்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர, விடும் தேதியை ஓ.பி. சீட்டிலேயே எழுதிவிட வேண்டும்.