பி.பி.ஏ.வா, பி.காமா? பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் அந்தக் கல்லூரிக்குப் போய்விட்டு வாருங்கள்

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் நின்று பேசுகிறேன். பின்னால் பச்சையாகத் தெரிவது எங்கள் நாற்றங்கால். பம்புசெட் தண்ணீரில் குறுவைக்கு விதை விட்டிருக்கிறோம். அப்பா அங்கேதான் நிற்கிறார். காற்றுச் சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "அக்கா, பி.பி.ஏ. எடுக்கலாமா, எந்தக் காலேஜ் நல்லா இருக்கும்?" எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். என் தங்கை இந்த வருஷம் காமர்ஸ் குரூப்பில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நான் பி.பி.ஏ. படித்தவள். அதனால் அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் படிப்பு. பி.காம். என்றால் கணக்குதான் முதுகெலும்பு. ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், காஸ்ட் அக்கவுண்டிங், வருமான வரி, ஆடிட்டிங் என்று போகும். பி.பி.ஏ. என்பது வணிக நிர்வாகப் பட்டம், அதிலும் கணக்கு உண்டு, ஆனால் அதோடு மார்க்கெட்டிங், ஆள் நிர்வாகம், புள்ளியியல், தொழில் தொடங்குவது எல்லாம் சேர்ந்து வரும். காமர்ஸ் டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பி.காம்., எம்.காம்., பி.எட். என்ற பாதையில்தான் போக வேண்டும். ஆடிட்டர் ஆசை இருந்தாலும் பி.காம். கைகொடுக்கும், 55 சதவீதத்தோடு முடித்தால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமலே சி.ஏ. இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம்.

இந்த இடத்தில் பெற்றோர் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். "என் பொண்ணு பி.காம். சி.ஏ. சேர்ந்திருக்கா, ஆடிட்டர் ஆகிடுவா" என்று ஒரு அம்மா என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு மனசே கேட்கவில்லை. அந்த சி.ஏ. என்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் சி.ஏ. என்பது ஐ.சி.ஏ.ஐ. என்ற பட்டயக் கணக்காளர் நிறுவனம் நடத்தும் தனித் தேர்வுகள். பி.காம். சி.ஏ.வும் நல்ல படிப்புதான், ஆனால் எந்தப் படிப்பில் சேர்கிறோம் என்று தெரிந்து சேர வேண்டும்.

சரி, அடுத்தது பல்கலைக்கழகம். "எந்த யுனிவர்சிட்டி அக்கா?" என்று கேட்கிறீர்கள். திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகை இந்தப் பக்கமெல்லாம் நாம் சேரும் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் 1982-ல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, தஞ்சாவூர் சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் மகளிர் கல்லூரி, பூண்டி புஷ்பம், திருச்சி ஜோசப்ஸ், ஜமால் முகமது, பிஷப் ஹீபர், எதில் படித்தாலும் பட்டத்தில் இருக்கப்போவது பாரதிதாசன் பெயர்தான். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே வைத்துக்கொள்ளும். மற்றவை பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டப்படி நடத்தும். தனியார் பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தங்கள் பெயரிலேயே பட்டம் தருகின்றன. மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் கியூட் நுழைவுத் தேர்வு. அதற்கு பொதுவாக ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். இந்தூர் ஐ.ஐ.எம். 2011-லிருந்து பிளஸ் டூ முடித்தவர்களுக்கே 5 வருடப் படிப்பு நடத்துகிறது, அதற்கும் தனித் தேர்வு. இந்த வீடியோவைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது பார்த்தால், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதே விசாரியுங்கள்.

ஆக, நம்மில் பலருக்குக் கேள்வி எந்தப் பல்கலைக்கழகம் என்பதல்ல, எந்தக் கல்லூரி என்பதுதான். அதை நோட்டீஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் அப்படித்தான் சேர்ந்தேன்.

2018-ல் ரிசல்ட் வந்த வாரமே ஒரு தனியார் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பளபளவென்று ஒரு புத்தகம், அதில் கோட் போட்ட மாணவர்கள். "இன்னைக்கே கட்டினா சலுகை, நாளைக்குன்னா சீட் இல்லை" என்றார்கள். அப்பா விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த பணத்திலிருந்து 15,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். மார்க் ஷீட்டையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து அரசுக் கல்லூரி கலந்தாய்வுக்கு என் பெயர் வந்தது. போய்க் கேட்டால், முழு வருஷப் பணத்தையும் கட்டினால்தான் மார்க் ஷீட் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அந்த ஆபீஸ் வாசலில் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் அங்கேயேதான் படித்தேன்.

இப்போது இருக்கும் விதியைச் சொல்கிறேன். அசல் சான்றிதழ்களை ஒரு கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. இது நான் சேர்ந்த பிறகு, 2018 அக்டோபரில், யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அறிவிப்பு. கட்டிய பணத்துக்கும் அதில் கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும், அதில் 5 சதவீதம் வரை, 5,000 ரூபாய்க்கு மிகாமல் கழித்துக்கொள்ளலாம். தேதி நெருங்க நெருங்கத் தொகை குறையும். கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடையாது. யாராவது மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு மிரட்டினால் இதைச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை நாளில் அந்தக் கல்லூரிக்குப் போங்கள். எந்த பஸ்ஸில் மூன்று வருஷம் போகப் போகிறீர்களோ அதே பஸ்ஸில் போங்கள். கல்லூரி விடுமுறையில் இருந்தால் அந்தப் பக்கத்து ஊரில் மூன்றாம் வருஷம் படிக்கும் அண்ணன், அக்கா யாராவது இருப்பார்கள், அவர்களைப் பிடியுங்கள். எங்கள் தங்கைக்காகப் போனபோது நாங்கள் கேட்டது இவ்வளவுதான். உங்கள் துறையில் பாடம் நடத்துகிறவர்கள் எத்தனை பேர், போன வருஷம் இருந்தவர்கள் இந்த வருஷமும் இருக்கிறார்களா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? உங்கள் வகுப்பில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன வேலை? "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று எழுதியிருந்தால் இந்தக் கடைசிக் கேள்வியை இரண்டு பேரிடம் கேளுங்கள். பி.பி.ஏ. என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2024-25 முதல் பி.பி.ஏ.வும் ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வந்துவிட்டது. இந்த வருஷத்து ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அரசு உதவி பெறும் கல்லூரியில் சேர்வதாக இருந்தால், உங்கள் படிப்பு உதவி பெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா என்று கேளுங்கள். வாசல் ஒன்றாக இருந்தாலும் கட்டணம் வேறாக இருக்கும். பி.பி.ஏ. பல இடங்களில் சுயநிதியில்தான் நடக்கிறது. ஷிப்டு மதியமா என்றும் கேளுங்கள், ஏனென்றால் மதிய ஷிப்டு விட்டு ஊர் திரும்ப இருட்டிவிடும்.

எல்லாவற்றையும் விட நான் முக்கியமாக நினைப்பது புராஜெக்ட். மூன்றாம் வருஷத்தில் எங்கே போய் என்ன செய்ய வைக்கிறார்கள் என்று கேளுங்கள். என் கல்லூரியில் ஒரு மேடம் எங்களைத் திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பவில்லை. உங்கள் ஊரிலேயே பாருங்கள் என்றார். நான் எங்கள் ஊரில் அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தேன். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காய வைக்க வேண்டும். ஒரு நாள் காத்திருந்தால் ஒரு விவசாயிக்கு ஆள் கூலி, படுதா வாடகை, வண்டி என்று எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டேன். பிறந்ததிலிருந்து பார்த்த நெல்தான். அந்த மாதம்தான் அதற்குள் இருக்கும் வியாபாரம் எனக்குப் புரிந்தது. என்னோடு படித்தவள் திருபுவனத்தில் பட்டு நெசவுக் குடும்பங்களிடம் போனாள், இன்னொருவன் நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைக்குப் போனான். டெல்டாவில் பி.பி.ஏ. படிக்கிறவருக்கு இதை விட நல்ல பாடம் வேறெங்கே இருக்கிறது? இப்படி அனுப்புகிற ஆசிரியர் இருக்கும் கல்லூரி என்றால் கட்டடம் பழையதாக இருந்தாலும் சேருங்கள்.

இனி விண்ணப்பம். நான் படிக்கும்போது ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும் நடந்து படிவம் வாங்கினோம். 2020-லிருந்து எல்லாமே இணையத்தில், அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கைக்கான டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. தளத்தில். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், மொத்தம் 50 ரூபாய்தான், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு அந்த 2 ரூபாய் மட்டும். இணைய வசதி இல்லாதவர்கள் அரசுக் கல்லூரிகளிலேயே இருக்கும் உதவி மையத்துக்குப் போகலாம். தமிழ், ஆங்கிலத்தை விட்டுவிட்டு நான்கு பாட மதிப்பெண்ணை 400-க்குக் கூட்டி தரவரிசை போடுவார்கள். அதனால் மொத்த மார்க்கைப் பார்த்து பயப்படவோ நிம்மதியாகவோ இருக்க வேண்டாம், அந்த 400-ஐப் பாருங்கள்.

சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் இன்றைக்கே இ-சேவை மையத்தில் பதியுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்கில்தான் வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பஸ், ஜெராக்ஸ், சாப்பாடு எல்லாவற்றுக்கும் அந்த ஆயிரம் பெரிய ஆறுதல்.

இன்னும் ஒன்று. பதிவு செய்யும்போது கொடுக்கும் செல்போன் எண் உங்கள் கையில் இருக்கட்டும். ஓ.டி.பி.யும் கலந்தாய்வுத் தகவலும் அதில்தான் வரும். தங்கை இப்போது வீட்டில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள், எண் அப்பாவுடையது. அதோ, நாற்றங்காலிலிருந்து அப்பா கை காட்டுகிறார், மெசேஜ் வந்துவிட்டது போல. நான் போய் அந்த நம்பரை அவளுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன்.