ஆசோர் யார்? ஆகீம் யார்?

சபையாரே, இன்று இயேசுவின் வம்ச வரிசையைச் சொல்லும் மத்தேயு முதலாம் அதிகாரத்தை வாசித்த தம்பி ஒரு பெயரிலும் இடறவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வசனத்துக்கு அப்புறம் அவருக்கு வேகம் கூடிவிட்டது. குறை சொல்லவில்லை, நானும் அந்த இடத்தில் ஓட்டமாகத்தான் ஓடுவேன். ஆபிரகாம், தாவீது, சாலொமோன் எல்லாருக்கும் கதை உண்டு. அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத், எலெயாசார், மாத்தான், யாக்கோபு: இந்த ஒன்பது பேருக்கு என்ன கதை? நம் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் தாவீதுகளுக்குப் பஞ்சமில்லை. ஆகீம் என்று ஒருவராவது உண்டா?

பழைய ஏற்பாட்டில் இவர்களைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அபியூத்தின் தகப்பன் என்று மத்தேயு சொல்வது செருபாபேலை. 1 நாளாகமம் 3-ல் அந்தச் செருபாபேலின் பிள்ளைகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறது, அதில்கூட அபியூத் இல்லை. ஒன்பது பேரும் செய்ததாக மத்தேயு சொல்வது ஒரே வேலைதான்: 'பெற்றான்'.

இவர்களுக்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். தாவீதின் வம்சத்தில் வந்த எகொனியா ராஜா என் வலதுகை முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்று கர்த்தர் எரேமியா வழியாகச் சொன்னார். ராஜா பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனார். அவர் பேரன்தான் செருபாபேல். கி.மு. 520-ல் ஆகாய் தீர்க்கதரிசி அந்தப் பேரனிடம், கர்த்தர் உன்னை முத்திரை மோதிரமாக வைப்பார் என்கிறார். எறிந்த மோதிரம் திரும்பி வருகிறது! சரி, அப்புறம் செருபாபேல் முடிசூடினாரா? இல்லை. அவர் மகனும் சூடவில்லை, பேரனும் சூடவில்லை.

பெர்சியர் போய் கிரேக்கர் வந்தார்கள். பிறகு மக்கபேயர் வம்சம் எருசலேமில் கிரீடம் வைத்துக்கொண்டது. அவர்கள் லேவி கோத்திரம், தாவீதின் வீட்டார் அல்ல. கி.மு. 63-ல் ரோமனாகிய பொம்பேயு நுழைந்தான், கி.மு. 37-ல் ஏதோமியனாகிய ஏரோது அரியணை ஏறினான். தாவீதின் வாரிசு ஏதோ ஒரு தெருவில் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்திருப்பான். வீட்டில் தாத்தா சொன்ன மோதிரக் கதை ஒன்று இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஐந்நூறு வருஷத்துக்கு ஒன்பது தலைமுறை போதுமா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. லூக்கா இதே காலத்துக்குப் பதினெட்டுப் பெயர் சொல்கிறார், அதுவும் வேறு பெயர்கள். மத்தேயு சிலரைத் தாண்டியிருக்கலாம்; யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் மூன்று ராஜாக்களையே விட்டவர் அவர். ஆனால் ராஜாக்களை விட்டவர் ஆசோரை விடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கடைசியில் யோசேப்பு வருகிறார். 'பெற்றான், பெற்றான்' என்று வந்த வரிசை அவரிடம் நின்றுவிடுகிறது. மரியாளிடத்தில் இயேசு 'பிறந்தார்' என்று வசனம் மாறுகிறது. ஊரார் கண்ணுக்கு யோசேப்பு வெறும் தச்சன். அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது சொப்பனத்தில் வந்த தூதன் எப்படிக் கூப்பிட்டான் தெரியுமா? "தாவீதின் குமாரனாகிய யோசேப்பே."