வலித்த இடத்தில் வேலை இருக்கிறது

(சித்திரைச் சதயத்தன்று அப்பர் குருபூசை மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் எழுந்தருளியிருக்கும் திருமடத்துத் தம்பிரான் சுவாமிகளின் திருவடிகளுக்கு வணக்கம். தலைமை தாங்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, திருக்கோயில் செயல் அலுவலர் அவர்களே, தேவாரம் பாடிய ஓதுவாமூர்த்திகளே, காலையிலிருந்து பந்தியில் நின்று இன்னும் இலை எடுத்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, இரண்டு தடவை கரண்ட் போயும் முகம் சுளிக்காமல் ஜெனரேட்டரை இழுத்துவந்த மைக்செட் தம்பியே, தாய்மார்களே, பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் அம்மையாரின் மாமனார் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். ஐயா, தங்களுக்கும் வணக்கம்.

கொடுத்திருக்கும் தலைப்பு ‘இடறலிலும் இறைவன்’. பஸ் தப்பிவிடுகிறது, பால் திரிந்துவிடுகிறது, கைகூடி வந்த வரன் தட்டிப்போகிறது. இதிலெல்லாம் ஆண்டவன் கணக்கு என்ன? நம்மிடம் ஒரு பழமொழி தயாராக இருக்கிறது: தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு. சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவோம். தப்பித்த தலையை வைத்து அப்புறம் என்ன செய்தோம் என்று யாரும் கேட்பதில்லை.

குருபூசை நாள் என்பதால் அப்பர் பெருமானுக்கு நேர்ந்த மூன்றைச் சொல்கிறேன். ஒன்று சூலை நோய். இரண்டு, கயிலைக்குப் போய்ச் சேரமுடியாதது. மூன்று, திருமறைக்காட்டுக் கோயில், அதாவது வேதாரண்யம் கோயில் கதவு.

திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் திலகவதி, இளையவர் மருள்நீக்கி. அவர்தான் பின்னாளில் நம் அப்பர். அப்பா போனார், அம்மாவும் உடன் போனார். திலகவதிக்குப் பேசிவைத்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்தார். தானும் போய்விடுவதென்று துணிந்தவரைத் தம்பி காலைக் கட்டிக்கொண்டு தடுத்தான். அவனுக்காகவே உயிர் வைத்திருந்தார். அந்தத் தம்பி வளர்ந்து, சமணம் சேர்ந்து, பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்ற பெரிய பேரோடு இருந்தார். அக்கா திருவதிகையில், கெடிலக் கரையில், கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் தருமசேனருக்கு வயிற்றில் பிடித்தது. சாதாரண வலியா? குடலை முறுக்கிப் பிழியும் சூலை. மந்திரித்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் கைவிட்டார்கள். (வயிற்றுவலி வந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள். அப்பரும் கிடைத்த வைத்தியத்தையெல்லாம் பார்த்தவர்தான்.) அப்போது யார் ஞாபகம் வந்தது? அக்கா! சமையல்காரரை அனுப்பினார். “அங்கே நான் வரமாட்டேன்” என்று சொல்லியனுப்பிவிட்டார் அக்கா. இவரே கிளம்பினார். உடுத்த பாயை விட்டார், கமண்டலத்தை விட்டார், பீலியை விட்டார். ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரம், ராத்திரியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வந்து அக்கா காலில் விழுந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சூலை கொடுத்து உன் தம்பியை ஆட்கொள்வோம் என்று இறைவன் முன்கூட்டியே கனவில் சொல்லியிருந்தார். யாரிடம்? அக்காவிடம். வலியில் துடித்தவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கலிப்பகையார் ஏன் சாகவேண்டும் என்று அக்காவுக்கும் யாரும் சொல்லவில்லை. ஆகவே துக்க வீட்டுக்குப் போய் ‘எல்லாம் நன்மைக்கே’ என்று வாயைத் திறக்காதீர்கள். கையோடு இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வாருங்கள்.

அக்கா திருநீறு கொடுத்தார். விடியலில் திருவலகும், அதாவது துடைப்பமும், சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். பின்னாலேயே தம்பி. அந்தத் திருவதிகை வீரட்டானக் கோயிலில் ‘கூற்றாயினவாறு’ பதிகம் பிறந்தது, சூலை போனது. நோய் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தைப் பாருங்கள்: துடைப்பத்தின் பின்னால்! அந்த மனிதர்தான் பிறகு புல் செதுக்கும் உழவாரத்தைத் தோளை விட்டு இறக்கவில்லை. திருப்புகலூரில் செதுக்கும் இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடந்தபோது, கல்லோடு கல்லாக அள்ளிக் குளத்தில் வீசினார்.

கயிலைக்குப் போகும் வழியில் அவர் உடம்பு தேய்ந்து விழுந்து, திரும்பச் சொல்லி உத்தரவாகி, வடக்கே ஒரு குளத்தில் முங்கித் திருவையாற்றில் எழுந்தார். அதை விரித்தால் சாப்பாடு ஆறிவிடும். நம் கோயிலுக்கு வருகிறேன்.

வெளிப் பிராகாரத்தில் வலம் வருகிறீர்கள், நெருஞ்சி குத்துகிறது. ‘உன்னைச் சுற்றவந்த எனக்கா முள்?’ என்று கேட்கிறோம். குனிந்து பாருங்கள். மஞ்சள் பூ வந்தபோதே வேரோடு பிடுங்கியிருந்தால் முள் கிடையாது. காய் முற்றியபின் இழுத்தால் அங்கேயே உதிர்ந்து, அடுத்த மழைக்குப் பத்துச் செடியாகும். காயையும் பொறுக்கி எடுக்கவேண்டும். கோரை இன்னும் மோசம். மேலே மட்டும் செதுக்கினால் சில நாளில் தலைகாட்டும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது, தோண்டித்தான் எடுக்கவேண்டும். உழவாரத்தைக் கொத்தக் கூடாது. தரையோடு சாய்த்து முன்னால் தள்ளவேண்டும்.

மண்டபம் ஒழுகுகிறது என்று நன்கொடைச் சீட்டு அடிக்குமுன் மேலே ஏறிப் பாருங்கள். பாதி நேரம் தூம்பில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கும். ஐப்பசி மழைக்கு முன் அரைமணி நேர வேலை. கோபுரத்தில் அரசங்கன்று இரண்டு இலையாக இருக்கும்போது கையால் வந்துவிடும். விரல் பருமன் ஆனபின் இழுத்தால் செங்கல்லும் கூடவரும். அரிவாளால் வெட்டினால் உள்ளே வேர் பருத்து விரிசலை அகலமாக்கும். அது ஸ்தபதி வேலை. அங்கே சிமெண்டும் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுதையில் ஈரம் வெளியேறும், சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டி வைத்துப் பழைய செங்கல்லை அரிக்கும். அடித்தளத்துக் கல்வெட்டில் கம்பி பிரஷ் படக்கூடாது. தேங்காய் நாரும் தண்ணீரும் போதும்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சா? போனதைத் தேடாதீர்கள். தோளில் கிடக்கும் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி மண்கூடையைத் தூக்குங்கள். கதவைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைமையாசிரியர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

வருகிற ஞாயிறு காலை 7 மணி. செயல் அலுவலர் ஐயா அனுமதி தந்துவிட்டார். இருபது பேர் வந்தால் போதும், பதினொன்றரைக்குள் மேற்குப் பிராகாரம் முடிந்துவிடும். புதருக்குள் கைவிடுமுன் கம்பால் தட்டுங்கள், பாம்பு இருந்தால் போக வழிவிடுங்கள். பெயர் கொடுக்கும் நோட்டு பிரசாதக் கடை மேசையில் இருக்கிறது. மண்வெட்டி கொண்டுவருபவர்கள் பிடி ஆடுகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஆடினால் சனிக்கிழமை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துவாருங்கள்.