ஒரே ஐட்டம் கோடு, ரெண்டு ரேட்: பவர் பிஐ-ல கண்டுபிடிக்கிறது எப்படி?

[திரையில்: மேட்ரிக்ஸ் ரிப்போர்ட். கோடு 1042, நெய், ஜிஎஸ்டி 8.5]

குரல்: மைக்ரோசாஃப்ட்டோட ரிப்போர்ட் சாஃப்ட்வேர் பவர் பிஐ-ல போட்ட ரிப்போர்ட் இது. நெய்க்கு ஜிஎஸ்டி 8.5 சதவீதமாம். அப்படி ஒரு ஸ்லாபே கிடையாதே! உள்ள போய்ப் பார்த்தா ரெண்டு பில். ஒண்ணுல 12, இன்னொண்ணுல 5. ரேட்டுக்கு ஆவரேஜ் வெச்சிருக்கறதால, ரெண்டையும் கூட்டி வகுத்துக் காட்டுது. குரூப் பண்ணின ரிப்போர்ட்ல இதுதான் வில்லங்கம். உள்ள சண்டை நடக்கறது வெளியே தெரியாது.

[திரையில்: சேல்ஸ் டேபிள், புது நெடுவரிசை]

குரல்: இந்த நெடுவரிசைக்கு ஃபார்முலா இதுதான்: கால்குலேட்டுக்குள்ள டிஸ்டிங்ட்கவுண்ட், அதுக்குள்ள ரேட். அடுத்து ஆல்எக்ஸெப்ட்: டேபிள் பேரு, ஐட்டம் கோடு. கோடைத் தவிர மத்த ஃபில்டர் எல்லாத்தையும் கழட்டிட்டு, அந்தக் கோடுக்கு எத்தனை விதமான ரேட் இருக்குன்னு இது எண்ணும். ஒண்ணுக்கு மேல வந்தா 'செக் பண்ணு'ன்னு காட்ட ஒரு இஃப்.

காலி செல்லையும் இது ஒரு மதிப்பா எண்ணும். வேண்டாம்னா டிஸ்டிங்ட்கவுண்ட்நோபிளாங்க் இருக்கு. நான் அதைப் போட மாட்டேன். ரேட்டே இல்லாத பில்லும் எனக்குத் தெரியணும்.

சில ஃபைல்ல ரேட்டே இருக்காது, வரியை, வரி சேர்க்காத பில் தொகையால வகுத்து எடுத்திருப்பாங்க. பைசா ரவுண்டிங்ல ஒண்ணு 4.99, இன்னொண்ணு 5.01. உடனே எல்லா கோடும் மாட்டிக்கும். அங்க எண்ண வேண்டாம். அதே ஆல்எக்ஸெப்ட்டோட மேக்ஸ்ல இருந்து மின்னைக் கழிங்க, 0.5-க்கு மேல போனா மட்டும் காட்டச் சொல்லுங்க.

[திரையில்: 1042-ன் ரெண்டு பில்லும், தேதியோட]

குரல்: இப்போ நெய்க்கு வருவோம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து நெய், வெண்ணெய்க்கெல்லாம் ஜிஎஸ்டி 12-லேர்ந்து 5 ஆயிடுச்சு. முதல் பில் ஆகஸ்ட், ரெண்டாவது அக்டோபர். ரெண்டுமே சரி! அதனால அந்தத் தேதிக்கு 'முன்', 'பின்'னு பிரிக்கற ஒரு நெடுவரிசை போட்டு, அதையும் ஆல்எக்ஸெப்ட்ல சேர்த்துடுங்க.

[திரையில்: 1042 விடுபடுகிறது. 1107, வெண்ணெய் மட்டும் சிவப்பு]

குரல்: மிச்சம் நிக்கறது 1107. அக்டோபர்ல சில பில் 5, ஒரே ஒரு பில் மட்டும் 12. பில்லிங் ஆளைக் கூப்பிட வேண்டியது இதுக்குத்தான்.

ஒண்ணு கவனிங்க. இந்த நெடுவரிசை ரிஃப்ரெஷ் ஆகும்போதுதான் கணக்குப் போடும், ஸ்லைசருக்கு, அதாவது ரிப்போர்ட் பக்கத்துல இருக்கற ஃபில்டருக்கு, அசையாது. இதையே ஆல்எக்ஸெப்ட் இல்லாம வெறும் டிஸ்டிங்ட்கவுண்ட்டா, மெஷரா (ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது கணக்குப் போடற ஃபார்முலாவா) எழுதி, ஸ்லைசர்ல ஒரு கிளையை மட்டும் தேர்ந்தெடுத்தா, அடுத்த கிளையோட ரேட் கணக்குல வராது, சிவப்பும் போயிடும். ஆடிட்டுக்குக் கொடுக்கற ரிப்போர்ட்னா நெடுவரிசையாவே வைங்க.